மலைமேல் பெய்யும் மழையும் அருவியில் நிற்கும் குழந்தையும்

தொடர் விடுமுறை வந்துவிட்டால் தேனி மாவட்டத்து அருவிகளில் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுகின்றனர். எந்த அருவிக்குச் செல்வது என்பதைப் பெரும்பாலும் அதன் உயரமும் புகைப்படத்தின் அழகுமே தீர்மானிக்கின்றன. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. குழந்தையால் எவ்வளவு தொலைவு நடக்க முடியும்? நிற்கும் இடத்தில் பாறை எப்படிப்பட்டது? நீர் பெருகினால் எவ்வளவு விரைவாகக் கரையேற முடியும்?

கம்பத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில், மேகமலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ளது சுருளி அருவி. நுழைவாயிலிலிருந்து அருவி வரையிலான பாதை குழந்தைகள் நடக்கத்தக்கது. ஆனால், ஆடி, தை அமாவாசை நாள்களில் புனித நீராடவும் தர்ப்பணம் செய்யவும் பெருங்கூட்டம் கூடும். குழந்தைகளுடன் செல்வோர் அந்நாள்களைத் தவிர்ப்பது நலம்.

பெரியகுளத்தை அடுத்து, கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் கும்பக்கரை அருவிக்கு நடக்க வேண்டிய தொலைவு குறைவு. ஆனால், அருகில் இருப்பதெல்லாம் பாதுகாப்பானதாகிவிடாது. அங்குள்ள பாறைகள் வழவழப்பானவை. இடையிடையே ஆழமான பள்ளங்கள் உள்ளன. வழுக்கி விழுந்து உயிரிழந்தோர் பலர். அங்கு அனுமதிக்கப்பட்ட இடத்தைவிட்டு ஓரடிகூட விலகலாகாது.

எலிவால் அருவி எனப்படும் தலையாறு அருவி ஏறத்தாழ 975 அடி உயரமுடையது. அதைக் குழந்தைகளுக்குக் காட்ட வத்தலகுண்டு - கொடைக்கானல் மலைச்சாலையில் நின்று பார்ப்பதே போதுமானது.

எந்த அருவியானாலும் பேராபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்தே வருகிறது. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலைமேல் மழை கொட்டியிருக்கும். அந்த நீர் சிறிது நேரத்தில் கீழே பாய்ந்து வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. அந்த வயதினருக்கே அந்நிலை என்றால் ஐந்து வயதுக் குழந்தை என்னவாகும்? தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேறிவிட வேண்டும்.

ஆனால், நூறு கி.மீ. கடந்து வந்தவர்களுக்கு அப்படி வெளியேற மனம் வருவதில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு நனையாமல் போவதா?" என்பார்கள். பொருளாதாரத்தில் இதனை மீளாச் செலவு என்பர். செலவழித்த பணமும் நேரமும் குளித்தாலும் திரும்பப் போவதில்லை. குளிக்காவிட்டாலும் திரும்பப் போவதில்லை. எனவே, முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முன்னால் இருக்கும் ஆபத்தை மட்டுமே எடைபோட வேண்டும்.

இதில் அரசின் பங்கும் உண்டு. நீர்வரத்து பெருகும்போதும், சுருளியில் யானைகள் நடமாடும்போதும் வனத் துறை தடை விதிக்கிறது. அது சரியான நடவடிக்கையே. ஆனால், நுழைவாயிலுக்கு வந்த பிறகே பலர் அதை அறிகின்றனர். அன்றைய நிலவரத்தைக் காலையிலேயே இணையத்திலும் தேனி, கம்பம், பெரியகுளம் பேருந்து நிலையங்களிலும் அறிவித்தால் வீண் பயணமும் வாக்குவாதமும் குறையும்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று இதே மாவட்டத்தின் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீக்கு மலையேற்றம் சென்ற 23 பேர் பலியாயினர். அதன் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் எனத் தரம் பிரிக்கப்பட்டன. பத்து வயதுக்கு உள்பட்டோர் பெற்றோர் அல்லது காப்பாளருடன் எளிய பாதைகளுக்கு மட்டுமே செல்லலாம். இதே தரப்பிரிப்பு அருவிகளுக்கும் வேண்டும்.

குடும்பங்களும் மாற்றுத் திட்டத்துடன் புறப்படலாம். சுருளி மூடப்பட்டிருந்தால் வழியெங்கும் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கும்பக்கரை மூடப்பட்டிருந்தால் வைகை அணைப் பூங்கா இருக்கிறது. செல்வதற்கு வேறோர் இடம் இருக்கும்போது, அருவியிலிருந்து திரும்பிச் செல்வது பெற்றோருக்கும் எளிது, பிள்ளைகளுக்கும் எளிது.