இணைய விபரக்கொத்தில் இடம் கேட்கும்போது

வியாபாரத்துக்கென இணையத்தளம் அமைத்தவர்கள் அதனை இணைய விபரக்கொத்தில் பதிய விரும்புவது இயல்பே. 1998 இல் ஆரம்பமாகி 2017 மார்ச்சில் மூடப்பட்ட டீமொஸ் விபரக்கொத்தின் பணியை இன்று கேர்லி தொடர்கிறது. இங்கு கட்டணம் இல்லை; தளங்களைப் பார்வையிட்டுச் சேர்ப்பவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். பணம் கட்டிய விளம்பரமல்ல என்பதால், 'ஏன் இன்னும் போடவில்லை?' என்று அதட்டிக் கேட்க நமக்கு உரிமையில்லை.

உங்கள் தொழிலுக்குரிய பிரிவைத் தெரிந்து ஒரு முறை மட்டும் அனுப்புங்கள். 'நாட்டிலேயே முதல்தரம்' என்று எழுதினால் தொண்டர் அதை வெட்டித் திருத்த வேண்டிவரும். 'கொழும்பில் மின் உபகரண மொத்த விற்பனை' என்றால் அவரது வேலை இலகுவாகும். தாமதமானால் பொறுத்திருங்கள். விசாரிப்பதாயின் தளத்தின் முகவரி, பிரிவு, அனுப்பிய திகதி ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பணிவாக எழுதுங்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதையை அவருக்கும் காட்டுவதில் நமக்கு நட்டமேதுமில்லை.