கேமராவின் கண்ணும் கணிப்பும்

திறன்பேசி வாங்க நினைக்கும் எவரும் இன்று முதலில் கேட்கும் கேள்வி, 'கேமரா எத்தனை மெகாபிக்சல்?' என்பதுதான். பேசுவதற்காகப் பிறந்த கருவி, படம் எடுப்பதற்கான கருவியாக மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. குழந்தையின் முதல் நடை, பெற்றோரின் மணிவிழா, விபத்தில் நசுங்கிய வாகனம், நிலத்தின் எல்லைக்கல் என எல்லாமே இன்று அதில்தான் பதிவாகின்றன. நம் குடும்ப நினைவுகளையும் சில வேளைகளில் நமக்கான சாட்சியத்தையும் அந்தக் கருவியிடம்தான் ஒப்படைத்திருக்கிறோம். எனவே, எந்தக் கேமரா சிறந்தது என்பதைப் பொழுதுபோக்கு விவாதமாக ஒதுக்கிவிட முடியாது.

இதை விளக்க இரண்டு திறன்பேசிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2023 செப்டம்பரில் வெளியான ஆப்பிளின் ஐபோன் 15 புரோ மேக்ஸ். மற்றொன்று, 2024 ஜனவரியில் அறிமுகமான சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா. இரண்டுக்கும் பிறகு புதிய மாடல்கள் வந்துவிட்டன. ஆயினும், கேமராவைப் பற்றிய இருவேறு அணுகுமுறைகளை இந்த இணையைப் போலத் தெளிவாகக் காட்டுபவை குறைவு. இந்தியாவில் அறிமுகமானபோது அடிப்படை மாடலின் விலை முன்னதற்கு ரூ.1,59,900, பின்னதற்கு ரூ.1,29,999. நடுத்தரக் குடும்பம் ஒன்று மாதத் தவணையில் ஆண்டுக்கணக்கில் அடைக்க வேண்டிய தொகை இது. அந்தத் தொகைக்கு எதை வாங்குகிறோம் என்று அறிந்துகொள்வது நம் உரிமை.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது எண்கள்தாம். சாம்சங்கின் முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல், ஆப்பிளுடையது 48. நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. ஆனால், ஒளியை வாங்கிப் பதிவு செய்யும் சென்சாரின் அளவைப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டின் அகலமும் சுமார் 1 சென்டிமீட்டர்தான். ஒரே பரப்புள்ள நிலத்தை ஒருவர் 48 பாத்திகளாகவும் மற்றவர் 200 பாத்திகளாகவும் பிரித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பாத்திகள் கூடினால் ஒவ்வொன்றின் பரப்பும் குறையும். நிலத்தில் விழும் மழையின் அளவு கூடிவிடாது. இங்கே மழை என்பது ஒளி.

சாம்சங்கின் ஒரு பிக்சல் 0.6 மைக்ரோமீட்டர் அகலம் கொண்டது. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய பிக்சல் தனித்து நின்று போதிய ஒளியைச் சேகரிப்பது கடினம். ஆகவே, வழக்கமான பயன்பாட்டில் அந்தக் கேமரா 16 பிக்சல்களை ஒன்றாகக் கூட்டி ஒரு பெரிய பிக்சலாகக் கொள்கிறது. அப்போது கிடைப்பது 2.4 மைக்ரோமீட்டர் அகலமுள்ள பிக்சல்களால் ஆன 12 மெகாபிக்சல் படம். ஆப்பிளின் ஒரு பிக்சல் 1.22 மைக்ரோமீட்டர். ஒளி குறைந்த இடத்தில் அது நான்கு பிக்சல்களைக் கூட்டுகிறது. கிடைப்பது 2.44 மைக்ரோமீட்டர் பிக்சல்கள். அதே 12 மெகாபிக்சல். கடை வாசலில் 200 என்றும் 48 என்றும் பிரிந்து நின்ற இரண்டும், விளக்கு மங்கிய கல்யாண மண்டபத்தில் ஒரே எண்ணில் வந்து சேர்ந்துவிடுகின்றன!

நல்ல வெளிச்சத்தில் ஆப்பிள் தானாகவே 24 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. சாம்சங்கில் நாமே தேர்வு செய்தால் 200 மெகாபிக்சல் முழுவதையும் பெறலாம். சுவரளவு அச்சிடுவோருக்கும், எடுத்த படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பயன்படுத்துவோருக்கும் அது உதவும். ஆனால், கைப்பேசித் திரையில் பார்த்து உறவினர்களுக்கு அனுப்பிவைக்கும் பெரும்பான்மையோருக்கு அந்த 200 என்ற எண்ணால் மிகுதியான நன்மை எதுவும் இல்லை.

உண்மையான வேறுபாடு தொலைவைப் படமெடுக்கும் லென்ஸ்களில் இருக்கிறது. இரண்டிலும் 5 மடங்கு நெருக்கிக் காட்டும் லென்ஸ் உண்டு. மெல்லிய கைப்பேசிக்குள் நீண்ட லென்ஸ் அடங்காது என்பதால், இரு நிறுவனங்களும் ஒளியின் பாதையை மடித்து உள்ளே அனுப்புகின்றன. ஆப்பிள் தன் பட்டகத்துக்குள் ஒளியை நான்கு முறை பிரதிபலிக்கச் செய்கிறது. அதன் பின்னால் இருக்கும் சென்சார் 12 மெகாபிக்சல். சாம்சங்குடையது 50 மெகாபிக்சல். இங்கே எண் உண்மையிலேயே பயன் தருகிறது. மேடையில் பரதநாட்டியம் ஆடும் மகளைக் கடைசி வரிசையில் அமர்ந்து 10 மடங்கு நெருக்கத்தில் எடுப்பதாகக் கொள்வோம். படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும்போது ஐபோனிடம் எஞ்சுவது சுமார் 3 மெகாபிக்சல்; சாம்சங்கிடம் 12-க்கும் மேல். தவிரவும், முகங்களை எடுக்க ஏற்ற 3 மடங்கு நெருக்கத்துக்கெனச் சாம்சங்கில் தனி லென்ஸ் உண்டு. ஐபோனோ அந்தத் தொலைவில் முதன்மைக் கேமராவின் படத்தை வெட்டித்தான் தர வேண்டும்.

காணொலியில் நிலைமை வேறு. சாம்சங்கில் 8கே அளவில் பதிவு செய்யலாம். ஐபோன் 4கே அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால், பின்னர் வண்ணங்களைத் திருத்திக்கொள்ள வசதியாகத் திரைத்துறையினர் விரும்பும் 'லாக்' முறைப் பதிவை அது தருகிறது. 2023 அக்டோபர் இறுதியில் தன் அறிமுக நிகழ்ச்சியையே இந்த ஐபோனில் படம்பிடித்ததாக ஆப்பிள் அறிவித்தது. உண்மைதான். ஆனால், அந்தப் படப்பிடிப்பில் தொழில்முறை விளக்குகளும் கிரேன்களும் தேர்ந்த கலைஞர்களும் உடன் இருந்தனர். விளம்பரத்தில் நாம் காண்பது கேமராவை மட்டுமன்று, ஒளியமைப்பையும் சேர்த்துத்தான்.

இதுவரை சொன்னவை கருவியின் கண்ணைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது அதன் கணிப்பைப் பற்றியது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு படம் பதிவாகிறது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே நடப்பது வேறு. கேமரா கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுக்கிறது. ஒன்றில் வானம் தெளிவாக இருக்கும். மற்றொன்றில் நிழலில் நிற்பவரின் முகம் தெளிவாக இருக்கும். அவற்றை அடுக்கி, பொருத்தி, புள்ளிகளைக் களைந்து, வண்ணம் தீட்டி, ஒரே படமாக நம்மிடம் தருகிறது. எந்த நிழலை வெளிச்சமாக்குவது, எந்தப் பச்சையைக் கூடுதல் பச்சையாக்குவது, எந்தத் தோலை எவ்வளவு மென்மையாக்குவது ஆகியவற்றையெல்லாம் முடிவு செய்வது மென்பொருள். அந்த முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் அந்நிறுவனப் பொறியாளர்கள். சாம்சங் பளிச்சிடும் வண்ணங்களையும், ஆப்பிள் சற்று அடங்கிய வண்ணங்களையும் விரும்புகின்றன என்பது விமர்சகர்கள் பலரின் கணிப்பு. ஒரே தோப்பை இரண்டிலும் எடுத்தால் இருவேறு பச்சைகள் கிடைப்பது இதனால்தான்.

மென்பொருளின் முடிவு பிழையாகவும் போகலாம். 2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ் வெளியானபோது, முன்பக்கக் கேமராவில் எடுத்த முகங்கள் அழகூட்டியவை போல வழவழப்பாக இருப்பதாகப் புகார் எழுந்தது. அடுக்கும்போது அடிப்படையாகக் கொண்ட படத்தைத் தவறாகத் தேர்ந்ததே காரணம் என்று விளக்கிய ஆப்பிள், மென்பொருள் மேம்படுத்தல் மூலம் அதைச் சரிசெய்தது. முகத்தின் இயல்பான சுருக்கத்தை ஒரு நிரலின் வரி நீக்கிவிட முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நம்மைப் போன்ற மாநிறத்தினருக்கும் கருநிறத்தினருக்கும் இதில் கூடுதல் அக்கறை வேண்டும். படச்சுருள் காலத்தில், வெள்ளைநிறப் பெண்ணின் படம் பொறித்த 'ஷெர்லி' அட்டையை அளவுகோலாக வைத்தே அச்சகங்கள் வண்ணங்களைச் சீர்செய்தன. கருநிற முகங்கள் அதில் சரியாகப் பதிவாகவில்லை. 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் எல்லாத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்டுவதற்கெனத் தனி முயற்சியை அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், குறை எவ்வளவு காலம் நீடித்தது என்பதை உணரலாம். இரண்டு கேமராக்களை ஒப்பிடும்போது, அம்மாவின் நிறத்தை அம்மாவின் நிறமாகவே எது காட்டுகிறது என்று பார்ப்பதே என் முதல் அளவுகோல்.

2023 மார்ச்சில் இன்னொரு விவாதம் எழுந்தது. இணையப் பயனர் ஒருவர் நிலவின் படத்தைச் சிறிதாக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, எஸ்24-க்கு முந்தைய எஸ்23 அல்ட்ராவில் படமெடுத்தார். திரையில் இல்லாத நுண்ணிய பள்ளங்கள் எடுத்த படத்தில் தோன்றின! காட்சியில் நிலவு இருப்பதைக் கண்டறிந்தால் செயற்கை நுண்ணறிவால் விவரங்களை மேம்படுத்துவதாகவும், பயனர் விரும்பினால் அவ்வசதியை அணைத்துவிடலாம் என்றும் சாம்சங் விளக்கம் அளித்தது. நிலவின் முகம் எப்போதும் ஒன்றே என்பதால், கற்ற பாடத்திலிருந்து அதை மீட்டுருவாக்க இயலும். ஆனால், கேமரா கண்டதற்கும் கற்றதற்கும் இடையிலான கோடு அங்கே அழிந்துவிட்டது.

அந்தக் கோடு இப்போது இரண்டு நிறுவனங்களிலும் மங்கி வருகிறது. எஸ்24 வரிசையில், படத்தில் உள்ள பொருளை இடம் மாற்றவும் நீக்கவும், காலியான இடத்தை இயந்திரமே கற்பனையால் நிரப்பவும் வழி செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் ஐபோன் 15 புரோ வகைகளுக்கும், வேண்டாதவற்றை அழிக்கும் வசதி வந்து சேர்ந்தது. இவ்வாறு மாற்றிய படங்களில் அதற்கான குறிப்பை இரு நிறுவனங்களுமே பதிக்கின்றன என்பது வரவேற்கத்தக்கது.

ஆனால், பொத்தானை அழுத்திய கணத்திலேயே நடந்துவிடும் மாற்றங்களுக்கு என்ன குறிப்பு உண்டு? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றிதழுடன் சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. பதிவு கருவியிலிருந்து வந்ததே என்பதை அந்தச் சான்றிதழ் உறுதிப்படுத்தும். கருவி அந்தப் பதிவை எப்படி உருவாக்கியது என்ற கேள்வி அதற்கு அப்பால் நிற்கிறது. தொலைவிலிருந்து எடுத்த வாகன எண்ணின் மங்கலான ஓர் இலக்கத்தை 3 என்றோ 8 என்றோ மென்பொருள் 'தெளிவாக்கி'விட்டால், அதன் சுமை யார் தலையில் விழும்?

என்னிடம் ஆலோசனை கேட்கும் நண்பர்களிடம் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பதுண்டு. தொலைவில் உள்ளவற்றை அதிகம் எடுப்பீர்களா? ஆம் எனில், சாம்சங் உங்களுக்குக் கூடுதல் பயன் தரும். காணொலியே முதன்மையா? ஐபோன் பொருத்தமாக இருக்கும். வீட்டார் முகங்களைப் பகலிலும் விளக்கொளியிலும் எடுப்பதுதான் வேலையா? அப்படியானால் எண்களை மறந்துவிட்டு, கடைக்கு வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். உங்கள் பழைய கைப்பேசியிலும் ஒன்று எடுங்கள். 1 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கத் தக்க வேறுபாடு தெரிகிறதா என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

நிறுவனங்களிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. எத்தனை படங்கள் சேர்ந்து இந்தப் படம் உருவானது, இதில் கேமரா கண்டது எது, இயந்திரம் சேர்த்தது எது என்னும் விவரம் ஒவ்வொரு படத்துடனும் பதிவாக வேண்டும். மென்பொருளின் கைவண்ணத்தை முழுவதுமாக அணைத்துவிடும் வாய்ப்பு, தேடிக் கண்டுபிடிக்கும் மூலையில் இல்லாமல் முகப்பிலேயே இருக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தில் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்ற விதி இருக்கும்போது, நம் வாழ்வைப் பதிவு செய்யும் படத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியும் உரிமையும் நமக்கு வேண்டாமா?