பிடியளவு சோறும் ஒரு துண்டு மீனும்

யப்பானிய நகரங்களில் பெருந்தெருவை விட்டு ஒழுங்கையொன்றினுள் சற்றே நடந்தால், முகப்பில் துணித்திரை தொங்கும் சிறுகடை ஒன்று கண்ணிற்படும். உள்ளே எட்டுப் பத்துப் பேர் அமரக்கூடிய நீண்ட மரப்பலகை. அதற்கப்பால் கையிற் கத்தியுடன் முதியவர் ஒருவர். அயலவர் மாலையில் வந்து பசியாறிச் செல்லும் ‘சுசி’க் கடை இதுவேயாம்.

பச்சை மீனையா உண்பது என்று முகஞ்சுளிக்கும் வாசகர்க்கு ஒன்று கூறுவோம். சுசி என்பது மீனின் பெயரன்று. வினாகிரி கலந்த சோற்றால் ஆகிய உணவின் பெயர். முட்டையோ வெள்ளரிக்காயோ சேர்த்துச் செய்வதும் சுசிதான். ஆதியில் மீன் கெடாதிருத்தற்பொருட்டு அதனை உப்பிட்டுச் சோற்றினுள் புதைத்துப் பலமாதம் புளிக்கவைத்தனர். பீவா ஏரிக்கரையில் இன்றும் அம்முறை வழங்குகின்றது. அதன் வாடையைப் பொறுப்பது எல்லார்க்கும் எளிதன்று! இன்று நாம் காணும் வகை, டோக்கியோ நகரம் எடோ எனப்பட்ட காலத்தில், 1820களில், ஹனாயா யோஹெய் என்பவரால் பரவியதென்பர். புளிக்கக் காத்திராது, வினாகிரிச் சோற்றைக் கையாற் பிடித்து, மேலே மீனை வைத்து உடனே கொடுத்தனர். அவசரக்கார நகரத்திற்கு ஏற்ற உணவு.

பலகை முன் அமர்ந்ததும் ஈரத்துவாலை வரும். பச்சைத் தேயிலைச் சாயமும் வரும். கடைக்காரர் தமக்குள் சோற்றை ‘ஷாரி’ என்பர். புத்தபெருமானின் திருவுடற்றாதுக்களைக் குறிக்கும் ‘சரீரம்’ என்னும் வடசொல்லே இவ்வாறு திரிந்தது என்பர். வெண்மையான சோற்றுப்பருக்கைக்கு எத்துணை உயர்ந்த பெயர்! அச்சோறு உடற்சூட்டளவில் இருத்தல் வேண்டும். கையால் எடுத்துண்பதில் இழுக்கில்லை. நமக்கு இது மகிழ்ச்சியே. மீனின் பக்கத்தையே சோயாச் சாற்றில் தொடுதல் முறை. சோறு நனைந்தால் உதிர்ந்துவிடும். இடையிடையே உண்ணும் இஞ்சி ஊறுகாய், முன்னுண்ட மீனின் சுவையை நாவினின்றும் அகற்றும்.

இத்தொழில் ஒருமுறை அழியவிருந்தது. போரின் பின் அரிசிப் பஞ்சம் தலைவிரித்தாட, 1947இல் அரசு உணவுக்கடைகளை மூடப் பணித்தது. டோக்கியோச் சுசிக்காரர் ஒரு வழி கண்டனர். வாடிக்கையாளர் ஒரு ‘கோ’, அதாவது ஏறக்குறைய 150 கிராம் அரிசி கொண்டுவந்தால், கூலி பெற்றுக்கொண்டு 10 சுசி செய்து கொடுப்பது. தாம் உணவு விற்பவரல்லர், அரிசியைப் பக்குவஞ்செய்து கொடுப்பவரே என்பது அவர்தம் வாதம். அரசும் இணங்கியது. ஒருவர்க்குரிய அளவு பத்து என்னும் வழக்கு அவ்வாறு நிலைத்ததே.

பின்னர் வந்த போட்டி வேறுவகையானது. பியர்ச் சாலையில் போத்தல்கள் ஓடும் பட்டியைக் கண்ட ஷிராயிஷி யோஷியாக்கி, 1958இல் ஒசாக்காவை அடுத்த ஊரில் தட்டுகள் சுழன்றுவரும் கடையைத் திறந்தார். விலை குறைந்தது, பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள் திரண்டன. இதனைக் குறைகூற நாம் துணியோம். முன்பு விலைகேட்க அஞ்சிய ஏழையும் இன்று சுசி உண்கின்றான்.

எனினும் ஒழுங்கைக் கடைகள் குறைந்து வருகின்றன. கோப்பை கழுவுதலில் தொடங்கிச் சோறு சமைத்தல், மீன் அரிதல் எனப் பல்லாண்டு பயிலவேண்டிய தொழிலுக்கு இளைஞர் வருவது அரிது. முதியவரின் மகனோ அலுவலகத்தில் இருப்பான். மகளிர் கைகள் சூடுடையன, சோறு பிடிக்க ஏலாதன என்றொரு பேச்சு நெடுங்காலம் அவர்களைப் பலகைக்கு அப்பால் வரவிடாது தடுத்தது. வீண்பேச்சு! இப்போது பெண்களும் பயின்று வருகின்றனர். ஆயினும் அவர் தொகை சிறிதே.

இக்கடைகள் வீடுகளுக்கும் உணவு அனுப்பும். அரக்குப் பூசிய வட்டப் பாத்திரத்தில் சுசி வரும். உண்டபின் வீட்டார் அதனைக் கழுவி வாசலில் வைப்பர். கடைப்பையன் சைக்கிளில் வந்து எடுத்துச் செல்வான். பிறந்தநாளாயினும் விருந்தினர் வரவாயினும் அப்பாத்திரமே வரும். சாவீட்டில் இரவு விழித்திருப்போர்க்கும் அதுவே வரும். அத்தகைய வீட்டின் முகவரியைக் கடைக்காரர் கேட்பதில்லை, முன்னரே அறிவார்.