கணக்கறிக்கையும் தெரிவுரிமையும்

வணிக நிறுவனமொன்றின் ஆண்டறிக்கையிற் காணப்படும் இலாபத்தொகையை, தராசில் நிறுத்த எடையைப் போல ஐயத்துக்கிடமற்றதொன்றாகக் கொள்வது பலரது வழக்கம். கணக்கியலைக் கற்போர் அஃது அங்ஙனமன்று என்பதை விரைவில் உணர்வர். கொள்வனவும் விற்பனையும் ஒன்றாகவேயிருப்பினும் இரு கணக்காளர் இருவேறு இலாபங் காட்டுதல் கூடும். இருவரும் நேர்மையினின்று வழுவாதவராக இருத்தலுங் கூடும். இவ்வேறுபாடு எங்ஙனந் தோன்றுகின்றது, தெரிவு செய்வோரின் நோக்கம் யாது, அதனால் நன்மை பெறுவோரும் இழப்படைவோரும் யாவர் என்னும் வினாக்களே கணக்கீட்டுத் தெரிவு பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருளாயின.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வணிகனொருவன் ஒரே வகைப் பண்டத்தில் மூன்று மூடைகளை முறையே 100, 110, 120 ரூபாவுக்கு வாங்கி, ஒன்றை 150 ரூபாவுக்கு விற்கின்றான். முதலில் வந்ததே முதலிற் சென்றது எனக் கொள்ளின் இலாபம் 50 ரூபா. இறுதியில் வந்ததே முதலிற் சென்றது எனக் கொள்ளின் 30 ரூபா. சராசரி விலையைக் கொள்ளின் 40 ரூபா. பெறுமானத்தேய்வும் இத்தகையதே. 10,000 ரூபா விலையுள்ள பொறி பத்தாண்டு உழைக்குமெனின் ஆண்டுச் செலவு 1,000 ரூபா; ஐந்தாண்டே உழைக்குமெனின் 2,000 ரூபா. அஃது எத்தனையாண்டு உழைக்கும் என்பதையோ, கடன்பட்டோருள் எவரெவர் செலுத்தாதுவிடுவர் என்பதையோ முன்கூட்டித் திட்டமாய் அறிவார் இலர். வருங்காலம் பற்றிய மதிப்பீடு கணக்கினுட் புகுமிடமெல்லாம் தெரிவும் உடன்புகுகின்றது.

1960ஆம் ஆண்டுகள் வரை அறிஞர் பெரும்பாலும் எம்முறை சிறந்தது என்பதையே வாதித்து வந்தனர். 1968ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியரான றே போல், பிலிப் பிறவுண் என்னும் இருவர் வேறொரு வழியை வகுத்தனர். அமெரிக்கக் கம்பனிகள் 261இன் இலாபங்களைப் பங்குவிலைகளோடு ஒப்புநோக்கி, இலாபத்தொகை முதலீட்டாளருக்குப் பயனுள்ள செய்தியைத் தருகின்றது என்பதையும், அச்செய்தியின் பெரும்பகுதி அறிக்கை வெளிவருமுன்னரே சந்தையை எட்டிவிடுகின்றது என்பதையும் அவர்கள் காட்டினர். அதன்பின் கணக்கீட்டு விவாதங்களைத் தரவுகொண்டு சோதிக்கும் வழக்கம் வேரூன்றியது.

அடுத்த படியை றொச்செஸ்ற்றர் சர்வகலாசாலையைச் சேர்ந்த றொஸ் வாற்ஸ், ஜெறோல்ட் சிமர்மன் ஆகியோர் எடுத்துவைத்தனர். 1978இல் வெளிவந்த கட்டுரையிலும் 1986இல் வெளிவந்த நூலிலும், முகாமையாளர் எம்முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதை விடுத்து, ஏன் ஒரு முறையைக் கைக்கொள்கின்றனர் என்பதை ஆராய்ந்தனர். அவர்களது கொள்கையில் மூன்று கருதுகோள்கள் சிறப்புடையன. இலாபத்தைப் பொறுத்து மிகையூதியம் பெறும் முகாமையாளர் இலாபத்தை உயர்த்தும் முறையை நாடுவர் என்பது ஒன்று. கடன் ஒப்பந்த நிபந்தனைகளை மீறும் நிலையை அணுகிய கம்பனியும் அதனையே நாடும் என்பது மற்றொன்று. அரசினதும் பொதுமக்களதும் கண்ணிற்படும் பெருங்கம்பனிகள் இலாபத்தைக் குறைத்துக் காட்டவே விரும்பும் என்பது மூன்றாவது.

இவற்றைச் சோதித்தோர் பலர். இலாபம் மிகையூதியத்துக்குரிய உச்ச வரம்பைக் கடந்தவிடத்தும், கீழ்வரம்பை எட்டவியலாதவிடத்தும், முகாமையாளர் அவ்வாண்டு இலாபத்தைக் குறைக்கும் போக்கினர் என்பதைப் போல் ஹீலி 1985இல் எடுத்துக்காட்டினார். அந்நிலைகளில் மேலதிக இலாபத்தால் அவ்வாண்டு பயனில்லை. பிற்போட்டால் வரும் ஆண்டில் உதவும். இறக்குமதிப் போட்டியினின்று பாதுகாப்பு வேண்டி நின்ற அமெரிக்க உற்பத்தியாளர், விசாரணை நடந்த ஆண்டில் இலாபத்தைத் தாழ்த்தினர் என்று ஜெனிபர் ஜோன்ஸ் 1991இற் கண்டார். 1997இல் பேர்க்ஸ்டாலர், டிச்செவ் என்போர், சிறு நட்டங்காட்டிய கம்பனிகள் எதிர்பார்த்ததினும் மிகச் சிலவாகவும், சிறு இலாபங்காட்டியவை எதிர்பார்த்ததினும் பலவாகவும் இருத்தலைச் சுட்டினர். சிறு நட்டத்தை எதிர்நோக்கிய கம்பனிகளுள் நூற்றுக்கு 30 முதல் 44 வரையானவை அதனை இலாபமாக மாற்றிக்கொண்டன என்பது அவர்கள் மதிப்பீடு. இவ்விடைவெளி ஆய்வு முறையாலும் தோன்றியிருத்தல் கூடுமெனப் பின்வந்தோர் சிலர் மறுத்துரைத்தனர்.

தெரிவு அனைத்தும் தன்னலத்தின்பாற்பட்டது எனக் கொள்வதும் பிழையாகும். தொழிலின் இயல்பை நன்கறிந்த முகாமையாளரே பொறியின் ஆயுளையும் கடனின் தரத்தையும் பிறரினும் செம்மையாக மதிப்பிட வல்லவர். அவ்வுரிமையை முற்றாகப் பறிப்பின் கணக்குகள் ஒருசீராகும்; ஆயின் உண்மைக்குச் சேய்மையாகும். உரிமையை எல்லையின்றி வழங்கின் யாது நிகழும் என்பதற்கு வேர்ல்ட்கொம் கம்பனியின் வீழ்ச்சி சான்றாகும். பிற தொலைபேசிக் கம்பனிகளுக்குச் செலுத்திய அன்றாடக் கட்டணங்களை அது சொத்தெனப் பதிந்தது. இவ்வகையில் 380 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவு மறைக்கப்பட்டமை 2002ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிப்பட்டது. மறுமாதமே கம்பனி வங்குரோத்தடைந்தது. பங்குதாரர் முதலை இழந்தனர். ஆயிரக்கணக்கான பணியாளர் தொழிலை இழந்தனர். இது தெரிவன்று, மோசடியே. எனினும் அம்மோசடியை முதலில் வெளிக்கொணர்ந்தோரும் அக்கம்பனியின் உள்ளகக் கணக்காய்வாளரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு நியமங்களைக் குறித்த நிறுவனங்கள் பின்பற்றுதலைக் கட்டாயமாக்கியது. 2012 முதல் அந்நியமங்கள் சர்வதேச நியமங்களோடு இசைவிக்கப்பட்டன. இறுதியில் வந்தது முதலிற் செல்லும் முறையை அவை ஏற்பதில்லை. அமெரிக்காவிலோ அம்முறைக்கு இன்றும் இடமுண்டு. ஆகவே, எல்லை எங்கு இடப்படவேண்டும் என்பதில் நாடுகளும் ஒருமனப்படவில்லை.

நியமம் எத்துணை நுண்ணிதாயினும் மதிப்பீடு எஞ்சியே நிற்கும். ஆதலின் ஆண்டறிக்கையைப் படிப்போர் இலாபத்தொகையோடு அமையாது, அத்தொகையை ஆக்கிய கணக்கீட்டுக் கொள்கைகளையுங் குறிப்புகளையும் படித்தல் வேண்டும். சென்ற ஆண்டின் முறை இவ்வாண்டு மாறியதாயின், மாற்றத்தின் காரணத்தை வினவுதல் வேண்டும். கணக்காளராக விரும்பும் மாணாக்கர்க்கு இவ்வாராய்ச்சி உணர்த்துவது யாதெனின், ஐந்தொகையின் இருபக்கமும் ஒத்துவருதல் மாத்திரம் நேர்மைக்குச் சான்றாகாது என்பதே. அவ்வெண்களை நம்பிச் சேமிப்பை ஒப்படைக்கும் முகமறியாத மனிதரை நினைந்து தெரிவு செய்யுமிடத்தே அத்தொழில் அறமாகின்றது.