மேல்படிப்புக்கு கல்விக்கடனா? வட்டி மானியத்தை கோட்டை விட்டுடாதீங்க!

எம்.பி.ஏ., எம்.இ., எம்.சி.ஏ. என்று மேல்படிப்புக்கு சீட் கிடைத்ததும் அடுத்த ஓட்டம் வங்கிக்குத்தான். கடன் கிடைச்சா போதும் என்று கையெழுத்து போட்டுவிட்டு வருகிறவர்கள், வட்டியை பற்றி யோசிப்பது படிப்பு முடிந்து நோட்டீஸ் வரும்போதுதான். படிக்கிற காலத்து வட்டியை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள 2 வழி இருப்பது பல பெற்றோருக்கு தெரிவதே இல்லை.

முதலாவது, 2009-10 கல்வி ஆண்டில் மத்திய அரசு கொண்டு வந்த வட்டி மானிய திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்ப படிப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் படிப்பு காலத்துக்கும், அதற்கு பிறகு 1 வருஷத்துக்கும் முழு வட்டியும் அரசு கணக்கு.

இரண்டாவது, 2024 நவம்பர் 6-ந் தேதி மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி. தேசிய தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு ஜாமீன், சொத்து அடமானம் எதுவும் இல்லாமல் கடன். வருமானம் ரூ.8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டியை அரசு கொடுக்கும். ஆனால் வருஷத்துக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான் இந்த சலுகை. நாடு முழுக்க இவ்வளவுதானா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இதெல்லாம் பெரிய தொகையா? கணக்கு போட்டு பாருங்கள். 2 வருஷ படிப்புக்கு வருஷம் ரூ.2 லட்சம் வீதம் ரூ.4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் முன் 3 வருஷத்தில் வட்டி மட்டும் ரூ.1 லட்சம் ஆகிவிடும். அது அசலில் சேர்ந்தால், 10 வருஷ தவணையில் மாதம் ரூ.5,286 கட்ட வேண்டியவர் ரூ.6,607 கட்டுவார். அந்த 1 லட்சத்துக்காக மொத்தம் ரூ.1 லட்சத்து 58 ஆயிரம் கையை விட்டு போகும். முழு மானியம் கிடைத்தவருக்கு இந்த சுமையே கிடையாது. 3 சதவீத சலுகை என்றால் ரூ.30 ஆயிரம் குறையும், மிச்சம் ரூ.70 ஆயிரம் மாணவர் தலையில்தான்.

இப்போ முக்கியமான சிக்கலுக்கு வருவோம். முதல் திட்டத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மானியம். பி.இ. படிக்கும்போது வாங்கியிருந்தால் எம்.இ.க்கு கிடையாது. இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்புக்கு மட்டும் விதிவிலக்கு. பாதியில் படிப்பை விட்டாலும் மானியம் போச்சு, உடல்நல காரணம் என்றால் தவிர. மேல்படிப்பு மாணவர்கள் நிறைய பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். வீட்டில் 'அரசு பார்த்துக்கும்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வங்கி கணக்கிலோ வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, மானியம் தானாக வந்து விழாது. தாசில்தார் கொடுக்கும் வருமான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி, வங்கியில் கொடுத்து, மானிய பட்டியலில் பெயர் ஏறியதா என்று கேட்க வேண்டும். வித்யாலட்சுமியில் கடனுக்கும் வட்டி சலுகைக்கும் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கணும்.

'பார்த்துட்டு சொல்றோம்' என்று கிளையில் இழுத்தடித்தால் சும்மா திரும்பி வராதீர்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரி திட்டப்படி, மேல் அதிகாரி ஒப்புதல் இல்லாமல் கிளை மேனேஜர் மட்டும் கல்விக்கடன் மனுவை தள்ளுபடி செய்யக்கூடாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரை பார்க்கலாம், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுக்கலாம். கல்விக்கடன் முகாம் நடந்தால் வங்கிக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். சீட் கிடைத்த கடிதம், கட்டண விவரம், வருமான சான்றிதழ், ஆதார், பான் கார்டு ஜெராக்ஸ் 2 செட் எடுத்துட்டு போங்க.