குழல்விட்டமும் காட்டுப்பன்றியும்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் வாழும் தமிழர் பலருக்கு ஊர்ப்பக்கம் இன்னும் நிலம் உண்டு. கிருட்டினகிரி, தருமபுரி, திருப்பத்தூர் மாவட்டங்களின் காட்டோரச் சிற்றூர்களில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் அந்தக் கொல்லைகளைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் பாழாக்கிவிடுகின்றன. ஊரிலிருந்து வரும் தொலைபேசிப் புலம்பலைக் கேட்டு, இங்குள்ள இளைஞர் எழுப்பும் வினா இதுதான்: “கைத்துப்பாக்கியாலே சுட்டா விழாதா? எந்த போர் வாங்கலாம்?” போர் என்றால் குழல்விட்டம். அமெரிக்க வேட்டைப் படக்காட்சிகள் கற்றுத் தந்த வினா. சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்பது பிறகு. முதலில் இயற்பியல் சொல்வதைக் கேட்போம்.

முதிர்ந்த ஆண் பன்றி 100 கிலோ எடையைத் தாண்டும். அதன் தோளையும் முன்விலாவையும் தோலுக்கடியில் தடித்த நார்த்திசு ஒன்று போர்த்தியிருக்கிறது. இணைக்காகப் பொருதும் ஆண்களின் கோரைப்பற்களைத் தாங்க இயற்கை அணிவித்த கவசம் அது. வயது ஏற ஏற இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை தடிக்கும். அதற்கும் உள்ளே தசை, தோள் எலும்பு, விலா. இதயமோ மார்பின் அடியில், முன்னங்கால்களை ஒட்டித் தாழ்ந்து கிடக்கிறது. மான் வேட்டைக் கணக்கில் தோளுக்குப் பின்னே குறிவைத்தால் குண்டு வயிற்றுப் பக்கம் போய்விடும். ஆகவே, கவசத்தைத் துளைத்துத்தான் உயிர்நிலையை எட்ட வேண்டும்.

துளைக்கும் திறனை எதைக் கொண்டு அளப்பது? குழலின்மேல் பொறித்த எண்ணைக் கொண்டு அன்று. அந்த எண் குண்டின் பருமனைச் சொல்லும், அவ்வளவே. குண்டின் எடையை அதன் முகப்புப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் உண்மை துலங்கும். 1899ஆம் ஆண்டளவில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 0.32 அங்குலக் கைத்துப்பாக்கித் தோட்டாவின் குண்டு 4.6 கிராம், ஒரு சதுர சென்டிமீட்டர் முகப்புக்கு 9 கிராம் எடைதான் பின்னின்று தள்ளுகிறது. 9 மி.மீ. குண்டுக்கு இது ஏறத்தாழ 12 கிராம்; 0.45 அங்குலக் குண்டுக்கு 14; 13 கிராம் எடையுள்ள 10 மி.மீ. குண்டுக்கு 16. பருமனில் 0.45ஐ விடச் சிறியதாகிய 10 மி.மீ. குண்டு, அதைவிட ஆழமாகப் பாய்கிறது. எண் பெரிதானால் வலிமையும் பெரிது என்று நம்புவோர் இங்கேதான் இடறுகின்றனர்.

ஆற்றலைக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ இதே வரிசைதான். நொடிக்கு 275 மீட்டர் விரைவில் புறப்படும் 0.32 குண்டின் இயக்க ஆற்றல் 175 ஜூல். 9 மி.மீ.யும் 0.45உம் 500 ஜூலுக்குச் சற்றுக் குறைவாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. 1983இல் அறிமுகமான 10 மி.மீ. தோட்டா 850 ஜூல் அளவை எட்டுவதால், அமெரிக்கப் பன்றி வேட்டையர் பலர் தானியங்கி ஏற்றமுடைய கைத்துப்பாக்கிகளில் அதையே விரும்புகின்றனர். நம் நாட்டில் உரிமத்துக்குக் கிடைக்கும் 0.315 நீள்துப்பாக்கியோ 3000 ஜூலை ஒட்டி நிற்கிறது. காரணம் எளிது. தானியங்கி ஏற்றமுடைய கைத்துப்பாக்கியின் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கப்படுகின்றன. உள்ளங்கை பற்றும் அளவுக்குமேல் அவற்றின் நீளம் போக முடியாது. 10 மி.மீ. தோட்டாவின் முழு நீளமே 32 மி.மீ.தான், 0.315 தோட்டா 76 மி.மீ. வெடிமருந்துக்கு இடமுமில்லை, அது எரிந்து தள்ளக் குழல்நீளமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நீள்துப்பாக்கியின் விரைவான குண்டு, தான் செல்லும் வழியைச் சுற்றியுள்ள திசுவையும் விரித்துக் கிழிக்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டின் விரைவில் திசு மீள்தன்மையால் விரிந்து மீண்டும் சேர்ந்துகொள்ளும். குண்டு நேரே துளைத்த வழி மட்டுமே நிலைக்கும். அமெரிக்கப் படை மருத்துவர் மார்ட்டின் பாக்லர் ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு ஆராய்ந்து இதை வலியுறுத்தினார். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. புலனாய்வாளர் ஈடுபட்ட துப்பாக்கிச் சண்டையில், குற்றவாளியின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மி.மீ. குண்டு இதயத்தைத் தொடாமல் நின்றுபோனது. அதன்பின் எஃப்.பி.ஐ. குறைந்தது 30 சென்டிமீட்டர் ஊடுருவலைத் தன் தோட்டாக்களுக்கு அளவுகோலாக்கியது. அது மனித உடலுக்கான அளவு. பன்றிக்கோ கவசமும் கூடுதல். விரியும் குண்டு பெரிய புண் தரும் என்று அதைத் தேர்ந்தெடுப்போர் உண்டு. விரிந்தால் முகப்பு பெருகும். பாயும் ஆழம் குறையும். ஆதலால் பன்றிக்குக் கைத்துப்பாக்கி ஏந்துவோர் விரியாத, தட்டை முனைக் கெட்டிக் குண்டையே நாடுகின்றனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 9 மி.மீ. இங்குப் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட விட்டம். தானியங்கி ஏற்றமுடைய கைத்துப்பாக்கி கேட்டால், பெரும்பாலும் அரசுப் படைக்கல ஆலையின் ‘அஷானி’ போன்ற 0.32 போர்தான் கைக்கு வரும். மேலே கண்ட கணக்கில் கடைசியில் நின்றது அதுவே. இருட்டில், முப்பது மீட்டரில், ஒரு சாண்கூட இல்லாத குழலால் சுட்டுப் பன்றியைப் புண்படுத்தலாம், வீழ்த்த இயலாது. புண்பட்ட பன்றி உண்ணிச்செடிப் புதருக்குள் பதுங்கி, மறுநாள் தேடிப் போனவன் தொடையைக் கிழிக்கும். படைக்கலச் சட்டத்தில் விலக்குப் பெற்ற குடகரின் வேட்டை மரபிலும் நின்றது நீள்குழல் துப்பாக்கியே.

சட்டமும் இடம் தரவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இசைவின்றிச் சுடுவது குற்றம். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இசைவளிக்கும் அதிகாரம் தந்தது. தமிழ்நாடு 2025 சனவரியில் வேறு வழி கண்டது: காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடத் தடை, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல், அதற்கப்பால் வனத்துறையினரே சுடுதல்.

துப்பாக்கி இல்லாதவர் கைக்கொள்ளும் வழிகள் இதனினும் கொடியவை. தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய் எந்த விலங்கின் வாயில் வெடிக்கும் என்று வைத்தவனுக்கே தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்கென இழுத்த திருட்டு மின்கம்பியில் மூன்று யானைகள் மடிந்தன. உடன் வந்த இரு குட்டிகள் தப்பின.

எனவே, எந்த போர் என்று வினவுவோருக்கு விடை: உரிமத்தில் பொதுவாகக் கிடைக்கும் கைத்துப்பாக்கி பன்றிக்கு ஆகாது. பாழான கொல்லையைப் படம் எடுத்து, மறுநாளே வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்படி ஊரிலிருப்போரிடம் சொல்லுங்கள்.