கைப்பேசிப் பித்தும் அதற்கான சிகிச்சையும்

சென்னை அடையாற்றை அடுத்த இந்திரா நகரில், குடிநோயாளிகளுக்கெனச் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனையை நேயர்கள் பலர் அறிவர். குடியை ஒழுக்கக்கேடென்று பழித்த நாளில், அது நோயே என்றும், குடும்பத்தாருக்கும் ஆலோசனை தேவை என்றும் அந்நிலையம் வலியுறுத்தியது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில், கிராமத்திலேயே முகாமிட்டுச் சிகிச்சையும் அளித்தது. இணையத்தை விட மாட்டாமல் தவிப்போர் விஷயத்திலும் இம்முறையே பொருந்தும் என்பது நம் கருத்து.

இரண்டாண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்து விவசாயி ஒருவரின் மகன் இரவெல்லாம் கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடினான். நெல் விற்ற பணம் கரைந்தது. தந்தை கருவியைப் பிடுங்கி உடைத்தார். மறுவாரமே மகன் கடன்பட்டு வேறொன்று வாங்கிவிட்டான்!

இத்தகைய ஆட்டங்களைத் தடுக்கத் தமிழக அரசு 2023-இலும், நாடாளுமன்றம் 2025-இலும் சட்டம் இயற்றின. எனினும் உள்ளத்தின் ஏக்கத்தை ஆற்ற மருத்துவர் வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்பது மட்டும் அளவுகோல் அன்று. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மின்னணு விளையாட்டு நோயும் இடம்பெற்றுள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், வேலையையும் பிற அலுவல்களையும் விட ஆட்டத்தையே பெரிதாகக் கொள்ளுதல், கேடு விளைந்தும் விடாமை ஆகிய இவை ஓராண்டளவு நீடித்தால் நோயெனக் கொள்வர். கடுமையாயின் அதற்கு முன்பே கொள்ளலாம்.

இவ்வுதவி மயிலாப்பூர், தியாகராய நகர்வாசிகளுக்கே உரியதென எண்ண வேண்டா. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மருத்துவர் முதலில் உறக்கம், மனச்சோர்வு, கடன் பற்றி விசாரிப்பார். சோர்வு இருப்பின் அதற்கும் சிகிச்சை தருவார். குடியை அறவே விடலாம். கைப்பேசியை அவ்வாறு விட இயலாது. வங்கிக் கணக்கிற்கும் விலை நிலவரத்திற்கும் அது வேண்டுமே! ஆகையால் ஏக்கம் எப்போது எழுகிறது, அவ்வேளையில் என்ன செய்வது, இரவில் கருவியை யாரிடம் ஒப்படைப்பது என்பனவற்றை நோயாளியுடன் பேசியே வரையறுப்பர்.

ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் பலர் தயங்குகின்றனர். சிகிச்சை விவரத்தை இரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உரிமை தருகிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெயரைச் சபையில் எடுக்காது, தனியே குடும்பத்தாரிடம் பேசுதல் நலம். சாவைப் பற்றிப் பேசுவோரைத் தனியே விடாது அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணை நியாய விலைக் கடைச் சுவரிலும் நூலகத்திலும் எழுதி வைக்கலாம்.

மேற்சொன்ன இளைஞன் இப்போது மாதந்தோறும் மருத்துவமனைக்குச் சென்று வருகிறான். இடையில் ஒருமுறை தவறியும் விட்டான். தந்தையார் பேருந்தில் உடன் சென்று வருகிறார்.